பயிர் நிவாரணம் உழுதவருக்கே

2024 நவம்பர் கடைசியில் ‘பெஞ்சல்’ புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடலோரத்தோடு அதன் சீற்றம் அடங்கவில்லை. கடலுக்கு வெகு தூரத்திலுள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வயல்கள் ஏரிகளாயின. தமிழக சர்க்கார் நிவாரணம் அறிவித்தது. மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ சேதமான பயிர்களில், பாசன நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். மானாவாரிப் பயிருக்கு 8,500 ரூபாய். பல வருஷம் நின்று பலன் தரும் பயிர்களுக்கு 22,500 ரூபாய்.

இந்த மாவட்டங்களின் பெயரைப் படிக்கும்போது பெங்களூர்த் தமிழர்களில் பலருக்குச் சொந்த ஊர் ஞாபகம் வரும். பீன்யா பாக்டரிகளிலும், கட்டட வேலைகளிலும், கம்பெனி ஆபீஸ்களிலும் உழைப்பவர்களில் எத்தனையோ பேருக்கு ஊரில் ஓர் ஏக்கரோ, இரண்டு ஏக்கரோ நிலம் இருக்கிறது. அவர்கள் இங்கே இருக்கிறார்கள். பயிர் அங்கே நிற்கிறது. அதை உழுவது தம்பியோ, விதவையான சகோதரியோ, பக்கத்து வீட்டுக் குத்தகைக்காரரோ. ஆகவே, நிவாரணப் பணம் யார் கைக்குப் போகிறது என்ற கேள்வி ஊரில் இருப்பவர்களை மட்டும் பொறுத்ததல்ல. இங்கே இருப்பவர்களையும் பொறுத்தது.

முதலில் இந்தத் தொகைகள் எப்படி வந்தன என்பதைப் பார்க்க வேண்டும். இவை தமிழக சர்க்கார் தன் இஷ்டப்படி நிர்ணயித்தவை அல்ல. 2005-ம் வருஷத்திய பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு நிவாரண நிதி இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் அந்த நிதிக்கு மத்திய சர்க்கார் நூற்றுக்கு 75 ரூபாயும் மாநில சர்க்கார் 25 ரூபாயும் போடுகின்றன. அது போதாதபோது முழுக்க மத்திய சர்க்காரைச் சேர்ந்த தேசிய நிதியிலிருந்து உதவி கேட்கலாம். எந்தச் சேதத்துக்கு எவ்வளவு என்ற அட்டவணையை மத்திய சர்க்காரே வெளியிடுகிறது. மேலே சொன்ன மூன்று தொகைகளும் 2022-23 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு அது வகுத்த விகிதங்கள். ஒரு விவசாயிக்கு அதிகபட்சம் இரண்டு ஹெக்டேருக்குத்தான் கிடைக்கும் என்பதும் அந்த அட்டவணையின் ஷரத்து. அதற்கு முன் 2015-ல் வகுத்த விகிதங்கள் 6,800, 13,500, 18,000 ரூபாய். பயிர் பாதிக்குப் பாதி அழிந்தால்தான் உதவி என்று இருந்ததை மூன்றில் ஒரு பங்கு அழிந்தாலே உதவி என்று தளர்த்தியதும் 2015-ல்தான். இந்த மாறுதல் வரவேற்கத்தக்கது.

ஹெக்டேர்க் கணக்கு கிராமத்துக்கு ஒத்துவராத கணக்கு. ஒரு ஹெக்டேர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். அப்படியானால் பாசன நெல்லுக்கு ஏக்கருக்குச் சுமார் 6,880 ரூபாய். மானாவாரிக் கேழ்வரகுக்கும் நிலக்கடலைக்கும் 3,440 ரூபாய். 2024-25 காரீப் பருவத்துக்கு நெல் உற்பத்திச் செலவு குவிண்டாலுக்கு 1,533 ரூபாய் என்று மத்திய சர்க்காரே கணக்கிட்டு, அதன் மேல் 2,300 ரூபாய் ஆதார விலை அறிவித்தது. ஏக்கருக்கு 20 குவிண்டால் விளையும் வயல் என்று வைத்துக்கொண்டால், குடும்பத்தாரின் உழைப்பையும் சேர்த்து ஆகும் செலவு 30,000 ரூபாய்க்கு மேல். பயிர் அடியோடு போனாலும் நிவாரணமாக வருவது அதில் கால் பங்கு கூட இல்லை.

இது நஷ்ட ஈடு அல்ல என்று அதிகாரிகள் சொல்வார்கள். அது உண்மைதான். விதிகளில் இதற்கு இடப்பட்ட பெயர் இடுபொருள் மானியம். அதாவது விதை, உரம் முதலியவற்றை மறுபடி வாங்கி அடுத்த பயிரை வைப்பதற்கான கைத்தாங்கல். அப்படியானால் இரண்டு காரியங்கள் அவசியமாகின்றன. ஒன்று, அடுத்த விதைப்புக்கு முன்னால் பணம் வர வேண்டும். இரண்டு, விதை வாங்குபவர் கையில் அது வர வேண்டும். இரண்டிலும் குறை இருக்கிறது.

காலதாமதத்துக்கு இந்தக் கர்நாடக மாநிலத்தின் அனுபவமே போதுமான சாட்சி. 2023-ல் பருவமழை பொய்த்தது. மாநிலத்தின் 236 தாலுகாக்களில் 223 வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டன. அக்டோபரில் மத்தியக் குழு வந்து பார்த்தது. மாநில சர்க்கார் 18,171 கோடி ரூபாய் கேட்டது. மாதங்கள் கடந்தன. 2024 ஜனவரியில் மாநில சர்க்கார் இடைக்கால உதவியாக ஒரு விவசாயிக்கு 2,000 ரூபாய் வரை கொடுக்கத் தொடங்கியது. மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. ஏப்ரல் கடைசியில்தான் தேசிய நிதியிலிருந்து 3,454 கோடி ரூபாய் கிடைத்தது. கேட்டதில் இது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. யார் பேரில் தவறு என்று மத்திய, மாநில சர்க்கார்கள் வாதாடிக்கொண்டன. ஆனால் 2023 ஜூனில் விதைத்துக் கருகிய பயிருக்கு 2024 கோடையில் பணம் வந்தது என்பதில் வாதத்துக்கு இடமில்லை. நடுவில் அந்த விவசாயி வட்டிக்கு வாங்கித்தான் வாழ்ந்திருக்க வேண்டும். அந்த வட்டியை எந்த அட்டவணையும் திருப்பித் தருவதில்லை.

தொகை போதாது என்பதையும் தாமதமாக வருகிறது என்பதையும் சட்டசபைகளில் பேசுகிறார்கள். பத்திரிகைகளும் எழுதுகின்றன. 2025-ல் வட கர்நாடகத்தில் வெள்ளம் வந்தபோது கர்நாடக சர்க்கார் மத்திய விகிதத்தின் மேல் ஹெக்டேருக்கு 8,500 ரூபாய் தன் பங்காகச் சேர்த்துக் கொடுக்க முன்வந்தது. ஆக, தொகையைப் பற்றிய குறை ஓரளவுக்காவது காதில் விழுகிறது. இரண்டாவது குறைதான் யார் காதிலும் சரியாக விழவில்லை. பணம் பயிரைப் பின்தொடர்ந்து போகாமல் பட்டாவைப் பின்தொடர்ந்து போகிறது.

கணக்கெடுப்பு எப்படி நடக்கிறது? ரெவின்யூ அதிகாரியும் விவசாய இலாகா அதிகாரியும் கிராமத்துக்கு வருகிறார்கள். சர்வே நம்பர் வாரியாகச் சேதத்தைக் குறிக்கிறார்கள். சர்வே நம்பருக்கு எதிரே இருப்பது பட்டாதாரரின் பெயர். பாங்குக் கணக்கும் ஆதாரும் அந்தப் பெயருக்கே கேட்கப்படுகின்றன. கர்நாடகத்தில் இது கம்ப்யூட்டர் மயமாகியிருக்கிறது. ‘புரூட்ஸ்’ என்ற பதிவேட்டில் ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு நம்பர். அந்த நம்பரோடு அவருடைய நிலம் இணைக்கப்படுகிறது. நிவாரணம் அதன்படி நேரே கணக்கில் விழுகிறது. இடைத்தரகருக்கு இதில் வேலையில்லை என்பது பெரிய நன்மை. ஆனால் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுகிறவருக்கும் இதில் இடமில்லை. தமிழ்நாட்டில் கிராம நிர்வாக அதிகாரி மனம்வைத்துச் சாகுபடி செய்பவர் இன்னார் என்று எழுதிக் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

பட்டாவில் இருக்கும் பெயரோ பல இடங்களில் காலமாகிப்போன பாட்டனாரின் பெயர். அல்லது ஐந்து பேருக்குக் கூட்டுப் பட்டா. அந்த ஐவரில் ஒருவர் பெங்களூரில், ஒருவர் திருப்பூரில், ஒருவர் மும்பையில். ஊரில் இருந்து உழுபவர் ஒருவரே. மற்றவர்களின் சம்மதக் கையெழுத்து இல்லாமல் அவருக்கு முழுப்பணமும் கொடுக்க அதிகாரி தயங்குவதில் ஆச்சரியமில்லை. பின்னால் தகராறு வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே. கணவன் வெளியூர் வேலைக்குப் போய்விட, மாமனார் பெயரிலுள்ள நிலத்தைத் தனியாக உழும் பெண்ணின் நிலைமை இன்னும் மோசம். நாற்று நட்டது அவர், களை எடுத்தது அவர், கூட்டுறவுச் சங்கத்தில் உரத்துக்காக நின்றது அவர். ஆனால் நிவாரண ஜாபிதாவில் அவர் பெயர் இல்லை.

பட்டாவுக்கு இந்த மகிமை எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு சரித்திரக் காரணம் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சியில் விவசாயிக்குச் சர்க்கார் செய்த முக்கிய உதவி நிலவரி வஜா. பயிர் எத்தனை அணா விளைந்தது என்று மதிப்பிட்டு, விளைச்சல் குறைந்த வருஷத்தில் தீர்வையைத் தள்ளிக் கொடுப்பார்கள். வரி கட்ட வேண்டியவர் பட்டாதாரர். ஆகவே வரியைத் தள்ளுவதும் அவருக்கே. அன்றைக்கு அது நியாயமான ஏற்பாடு. இன்றைக்கு நிலவரி என்பது பெயரளவுக்குத்தான் இருக்கிறது. சர்க்கார் தருவது வரித் தள்ளுபடி அல்ல. விதைக்கும் உரத்துக்குமான ரொக்கம். உதவியின் தன்மை மாறிவிட்டது. விலாசம் மட்டும் மாறவில்லை.

மத்திய சர்க்காரின் விதிகளே இந்த வித்தியாசத்தை ஒப்புக்கொள்கின்றன என்று சொல்லலாம். மலைச்சரிவிலோ ஆற்று வெள்ளத்திலோ நிலமே அடித்துக்கொண்டு போனால் ஹெக்டேருக்கு 47,000 ரூபாய் என்று அதே அட்டவணையில் தனி இனம் இருக்கிறது. அதைப் பெற, ரெவின்யூ ரிக்கார்டுப்படி அந்த நிலம் அவருடையதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே இருக்கிறது. இது சரியே. நிலம் போனால் நஷ்டம் நிலத்துக்குரியவருக்கு. பயிர் போனால் நஷ்டம் பயிரிட்டவருக்கு. முதல் இனத்துக்குரிய நிபந்தனையை இரண்டாவது இனத்துக்கும் நடைமுறையில் நீட்டிவிட்டதுதான் கோளாறு.

நிலத்துக்காரர்கள் தரப்பிலும் ஒரு பயம் இருப்பதை மறுக்க முடியாது. குத்தகைக்காரர் பெயர் ஒரு முறை சர்க்கார் ரிக்கார்டில் ஏறிவிட்டால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்பது அந்தப் பயம். அதற்கு ஆதாரமும் உண்டு. தமிழ்நாட்டில் 1955-ல் வந்த சாகுபடிதாரர் பாதுகாப்புச் சட்டம் குத்தகைக்காரரை எளிதில் வெளியேற்ற முடியாதபடி செய்தது. 1969-ல் குத்தகை உரிமைகளைப் பதிவு செய்ய ஒரு சட்டம் வந்தது. கர்நாடகத்தில் 1974-ல் அமலான நிலச் சீர்திருத்தத் திருத்தம் குத்தகையை, ராணுவ வீரர், கடலோடி போன்ற சிலருக்கு மட்டும் விலக்களித்து, தடையே செய்தது. ஏழை உழவரைக் காப்பதற்காக வந்த சட்டங்கள் இவை. பல லட்சம் பேருக்கு அவற்றால் நன்மை விளைந்தது. ஆனால் குத்தகை ஒழியவில்லை. காகிதத்திலிருந்து வாய்ச்சொல்லுக்கு இறங்கிவிட்டது. கர்நாடகத்தில் வாய்ச்சொல் குத்தகையில் உழுபவர் சட்டத்தின் கண்ணில் இல்லவே இல்லை. இல்லாதவருக்கு நிவாரணம் எப்படிக் கிடைக்கும்?

இந்தச் சிக்கலுக்கு வழி இல்லாமல் இல்லை. ஆந்திரம் இரண்டு முறை முயன்றிருக்கிறது. 2011-ல் ஒரு சட்டம் செய்து, குத்தகைக்கு உழுபவர்களுக்குக் கடன் பெற உதவும் கார்டு கொடுத்தார்கள். 2019-ல் மற்றொரு சட்டம் வந்தது. அதன்படி நிலத்துக்காரரும் உழுபவரும் 11 மாதத்துக்கு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார்கள். உழுபவருக்கு ஒரு கார்டு கிடைக்கிறது. பயிர்க் கடன், பயிர் இன்ஷூரன்ஸ், இயற்கைச் சேத நிவாரணம் ஆகியவற்றை அந்தக் கார்டைக் காட்டிப் பெறலாம். நிலத்தின் மீது அந்தக் கார்டு எந்த உரிமையும் தராது என்று சட்டமே உறுதி கூறுகிறது. நிலம் வேறு, பயிர் வேறு என்று பிரித்ததில்தான் இந்த ஏற்பாட்டின் புத்திசாலித்தனம் இருக்கிறது.

அதிலும் ஓர் ஓட்டை உண்டு. நிலத்துக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் கார்டு. அவர் மறுத்தால் உழுபவர் பழைய நிலைமைக்கே வந்துவிடுகிறார். ஆகவே, கையெழுத்துக் கிடைக்காத இடங்களில் கிராம சபையில் விசாரித்து, அந்தப் பருவத்துக்கு மட்டும் சாகுபடிதாரர் இன்னார் என்று எழுதிக்கொள்ளும் அதிகாரம் அதிகாரிக்கு இருக்க வேண்டும். யார் வயலை யார் உழுகிறார் என்பது கிராமத்தில் ரகசியமல்ல. ஊர் முழுவதும் அறிந்த விஷயத்தை ரிக்கார்டு மட்டும் அறியாமல் இருப்பது விசித்திரம்.

தமிழக சர்க்கார் உடனடியாகச் செய்யக்கூடியவை சில உண்டு. அடங்கலில் ஒவ்வொரு பருவமும் பயிரின் பெயரை எழுதுவது போலவே பயிரிட்டவரின் பெயரையும் நேரில் பார்த்து எழுத வேண்டும். நிவாரண ஜாபிதா தாலுகா ஆபீஸ் பீரோவில் தூங்காமல், பணம் போவதற்கு முன்பே பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டப்பட வேண்டும். ஆட்சேபம் சொல்ல ஒரு வாரம் தவணை கொடுக்க வேண்டும். உழாமல் பணம் பெறுகிறவர் ஊர் பார்க்கும் காகிதத்தில் பெயர் வருவதை விரும்பமாட்டார். கூட்டுப் பட்டாவில் உழுபவர் ஒருவரே என்று விசாரணையில் தெரிந்தால், மற்றவர்களின் கையெழுத்துக்காகக் காத்திராமல் அவருக்குக் கொடுக்க உத்தரவிட வேண்டும். இறந்தவர் பெயரிலுள்ள பட்டாக்களை வாரிசுகளுக்கு மாற்ற, பாதித்த தாலுகாக்களில் தனி முகாம் நடத்தலாம். விவசாயிகளுக்கென நாடெங்கும் உருவாக்கப்பட்டு வரும் அடையாள நம்பர்களும் பட்டாவோடு மட்டும் முடிச்சுப் போடப்பட்டால் பழைய தவறு கம்ப்யூட்டருக்குள் நிரந்தரமாகக் குடியேறிவிடும். ஆரம்பத்திலேயே சாகுபடிதாரருக்கும் அதில் ஒரு கட்டம் ஒதுக்குவது புத்திசாலித்தனம்.

சர்க்கார் செய்ய வேண்டியது இவ்வளவு. பெங்களூரில் இருக்கும் பட்டாதாரர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. அதற்குச் சட்டம் மாற வேண்டியதில்லை. மனம் இருந்தால் போதும்.

குத்தகைக்கும் வாரத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. வாரத்தில் விதையிலும் உரத்திலும் நிலத்துக்காரர் பாதி போட்டிருந்தால் நிவாரணத்திலும் பாதி அவருக்கு நியாயம். ஆனால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, ஒரு படி விதை கூடத் தராமல், வெள்ளத்துக்குப் பிறகு தம் கணக்கில் விழுந்த ஆறாயிரம் ஏழாயிரம் ரூபாயைச் சும்மா வைத்துக்கொள்வது நியாயமாகாது. அழிந்தது அவர் முதல் அல்ல. மாதச் சம்பளக்காரருக்கு அந்தத் தொகை ஒரு மாத வாடகையில் அடங்கிவிடும். உழுதவருக்கோ அடுத்த விதைப்பே அதில் அடங்கியிருக்கிறது. பயிரும் போய், நிவாரணமும் கைக்கு வராமல், குத்தகை பாக்கியும் கழுத்தை நெரித்தால் அவர் நிலத்தை விட்டுவிட்டு பெங்களூருக்குத்தான் பஸ் ஏறுவார். அப்போது ஊரிலுள்ள நிலம் கருவேல முள் மண்டிக் கிடக்கும். தரிசு நிலத்தின் பட்டாவைப் பெட்டியில் வைத்திருப்பதால் யாருக்கு என்ன லாபம்?

ஆகவே, ஊருக்குப் போகும்போது செய்ய வேண்டிய காரியங்களைச் சொல்லிவைப்பது நல்லது. பாட்டனார் பெயரில் பட்டா இருந்தால் அதை மாற்ற மனுக் கொடுக்கலாம். உழுவது உடன்பிறந்தவர் என்றால், பயிர் சம்பந்தப்பட்ட உதவிகளை அவரே பெற்றுக்கொள்ளச் சம்மதம் என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டு அவரிடம் விட்டுவரலாம். வெள்ளம் வந்த பிறகு கடிதம் தேடுவதைக் காட்டிலும் வெயில் காலத்தில் எழுதிவைப்பது எளிது. குத்தகைக்கு விட்டிருந்தால், பணம் வந்த அன்றே அதை அனுப்பி வைப்பதுடன், விளையாத போகத்துக்குக் குத்தகையைத் தள்ளிக் கொடுக்கும் பழைய வழக்கத்தையும் மறக்காமல் இருக்கலாம். பயிர் இன்ஷூரன்ஸ் திட்டத்தில் குத்தகைக்காரரும் சேரலாம் என்று விதி இருக்கிறது. நெல்லுக்குப் பிரீமியம் காரீப் பருவத்தில் காப்புத் தொகையில் 2 சதவீதம், ராபி பருவத்தில் ஒன்றரை சதவீதம் என்பது 2016-ல் அந்தத் திட்டம் தொடங்கியபோது வகுக்கப்பட்ட விகிதம். நிலத்துக்காரர் ஒத்துழைத்து வேண்டிய காகிதத்தைக் கொடுத்தால் உழுபவர் அதில் சேர்வது சுலபமாகும்.

சொந்தபந்தத்துக்குள் காகிதம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். சர்க்கார் காகிதத்தைத்தான் பார்க்கிறது. தம்பியின் உழைப்பு காகிதத்தில் இல்லாவிட்டால் சர்க்காருக்கு அவர் தம்பியும் அல்ல, விவசாயியும் அல்ல. அண்ணன் பெயருக்கு வந்த பணத்தைப் பற்றித் தம்பி கேட்கக் கூசுவார். அண்ணன் சொல்ல மறப்பார். நாலு வருஷத்தில் அது மனஸ்தாபமாக வளரும். எழுதிவைத்தால் உறவு முறியும் என்பது தவறான எண்ணம். இது போன்ற விஷயங்களில் எழுதாமல் விட்டதால் முறிந்த உறவுகளே அதிகம்.

புயலையும் வறட்சியையும் எந்தச் சர்க்காராலும் தடுக்க முடியாது. நிவாரணத் தொகையை உயர்த்துவதற்கு டில்லியின் தயவு வேண்டும்; சீக்கிரம் கொடுப்பதற்கு இரண்டு சர்க்கார்களின் ஒற்றுமை வேண்டும். உழுதவர் பெயரை ஜாபிதாவில் எழுதுவதற்கு இவை எதுவும் வேண்டாம். புதிதாக ஒரு காசும் செலவாகாது. ஏற்கெனவே கொடுக்கும் பணம் போய்ச்சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச்சேரும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகவே தமிழக சர்க்கார் இதற்கான உத்தரவைப் பிறப்பிக்க வேண்டும். கர்நாடக சர்க்காரும் தன் சட்டத்தின் கண்ணில் படாத உழவர்களைப் பற்றி யோசிக்க வேண்டும். உத்தரவு வரும் வரை காத்திராமல், அடுத்த பண்டிகைக்கு ஊர் போகும் பெங்களூர்த் தமிழர்கள் அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வருவார்களானால், அவர்களுடைய நிலத்தில் வியர்வை சிந்துகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி இருக்க முடியாது.